மஞ்சள் விளக்கு நூந்திட்டுது

கிருசாந்தி,

குசினியிலை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். வேலையாலை வந்தவுடனை சாப்பிடும், என்னைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

காரிலை அந்த மஞ்சள் ரயர் விளக்கு எரிஞ்சதுக்கு நீர் காரணமில்லை. கடையிலை நாலு ரயரையும் பாத்தாச்சு, ஒண்டிலையும் காத்துக் குறையேல்லை. போன கிழமை நீர் காரை விட்டிட்டு வேலைக்குப் போன நாள், நீர் வேண்டாமெண்டு சொல்லியும், விதைநெல்லு மூட்டையளைக் காரிலைதான் ஏத்தினனான். பாரத்துக்காகக் காத்தைக் கூட்டி அடிச்சு, அந்த அளவைக் காரிலை பதிஞ்சும் வைச்சனான். பிறகு காத்தை இறக்கினன். பதிஞ்சதை மாத்த மறந்துபோனன். கார் அந்தக் கூடின அளவையே நினைப்பிலை வைச்சு, காத்துக் காணாதெண்டு விளக்கைப் போட்டிருக்கு. இண்டைக்குப் பட்டனை அமத்திச் சரியான அளவைப் பதிஞ்சன். செட்டிகுளம் சந்திக்குப் போக முதலே விளக்கு நூந்திட்டுது.

நானோ நேற்று உம்மட தங்கச்சி சுதாஜினி வீட்டு முத்தத்திலை, எல்லாருக்கும் முன்னாலை, "மதகிலை ஏத்தி ரயரைக் கெடுத்துப்போட்டீர், உமக்கென்னத்துக்குக் கார்?" எண்டு கத்தினனான். நீர் கார்த் திறப்பை என்ர கையிலை தந்தனீர். காலமை பஸ்ஸிலை போனனீர்.

திறப்பு அலுமாரியிலை, உம்மட லைசென்சுக்கு மேலை இருக்கு. நாளைக்கு அம்மாவை வவுனியா கிளினிக்குக்கு நீர்தான் கொண்டுபோகவேணும். திரும்ப விளக்கு எரிஞ்சால் காத்தை அளந்து பாரும். காத்துச் சரியெண்டால் என்னை ஏசும்.

நான் சைக்கிளிலை சுதாஜினி வீட்டை போறன். கத்தின முத்தத்திலை நிண்டுதான் இதைச் சொல்லவேணும்.

பிரதாபன்

பி.கு: பின் சீற்றுக்குக் கீழை நெல்லுச் சிந்திக் கிடக்கு. நீர் கூட்டாதேயும். அது நான் குனிஞ்சு பொறுக்கவேண்டிய நெல்லு.