காளான் பவளம் விரிந்துவிட்டது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். அதனால்தான். பாதியில் என்னைக் கூப்பிடாதே. முழுக்கப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

முதலில் அவசரமான விஷயம். உங்கள் மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கி வேலை பார்க்க முக்குளிப்புப் பயிற்சி தருகிறார்கள், உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நேற்று சொன்னாய். சொன்ன கையோடு, அதை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு லீவு போட்டு வரப்போகிறேன், வீட்டில் விட்டுவந்த பவளத் தொட்டி அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாய். வராதே. மேலாளரிடம் இன்னும் பேசியிருக்கவில்லை என்றால் பேசாதே. பேசியிருந்தால், அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லி அந்தப் பயிற்சியைத் திரும்ப வாங்கிக்கொள். தொட்டி நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு மாதமாக நான் சொன்ன சீக்கெல்லாம் நானே வாயால் வரவழைத்தவை.

முதல் தடவை மட்டும் பொய் இல்லை. தொட்டியில் குடை போல விரிந்து நிற்கும் காளான் பவளம் நிஜமாகவே சுருங்கி, மேலே மெழுகு பூசியது போலாகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். "பயப்படாதம்மா, அது தோல் உரிக்குது, நாலஞ்சு நாள்ல தானா விரியும்" என்று சொன்னாய். அதோடு வைத்துவிடுவாய் என்று பார்த்தால், தண்ணீரில் உப்பு எவ்வளவு காட்டுகிறது, சூடு எவ்வளவு, விளக்கு எப்போது அணைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நடுவில் உன் அறைத்தோழியின் குறட்டையைப் பற்றிச் சொன்னாய். நீ சமைத்துத் தீய்த்த கதையைச் சொன்னாய். நான் சிரித்ததில், தைப்பதற்காக வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது. அவ்வளவு நேரம் நாம் பேசி எத்தனை காலமாயிற்று.

நீ சொன்னபடியே பவளம் விரிந்துவிட்டது. நான்தான் சொல்லவில்லை. அது விரிந்த மறுநாள் நீயே கூப்பிட்டு விசாரித்தபோது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

உன் மேல் குறை சொல்லவில்லை கண்ணு. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாய், நன்றாக இருக்கிறேன் என்கிறேன், பேச்சு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தைத்த சீருடையைப் பற்றியும் தைக்காத சீருடையைப் பற்றியும் எத்தனை நாள் பேசுவது. தொட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் தினமும் கூப்பிட்டாய். நானும் நீ சொல்லிக் கொடுத்த நோய்களையே ஒவ்வொன்றாக உனக்குத் திருப்பிச் சொன்னேன். பாசி பிடித்தது என்றேன். மீன் தின்னவில்லை என்றேன். உப்பு கூடிவிட்டது என்றேன். நீ பாவம், ஆவியாகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு எங்கும் போகாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று முறை விளக்கினாய். எனக்கா தெரியாது. கண்ணாடியில் துணிக்குப் போடும் சாக்கட்டியால் கோடு கிழித்து, கோடு தப்பாமல் ஊற்றிவருகிறேன்.

மாடி வீட்டு டீச்சர் ஒரு நாள் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தவர், நான் உன்னிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டே தொட்டியையும் பார்த்தார். நான் போனை வைத்ததும், "பொண்ணு கூடப் பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதானே, எதுக்குங்க வாயில்லா ஜீவனுக்குச் சீக்கு வர வைக்கறீங்க" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதற்காகவே அவர் பாவாடையை ஒரு வாரம் இழுத்தடித்தேன்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். போகவில்லை. இனிதான் எழுதக் கை வரவில்லை.

உப்புக்கும் சூட்டுக்கும் நான் சொன்ன எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, படம் எடுத்து அனுப்பு என்று கேட்டாய் அல்லவா. அங்கே எல்லாம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்கிறது, எதைப் படம் எடுப்பேன். தண்ணீர் ஓட்டம் நின்றால் பவளம் வாடினாற்போல் தெரியும் என்று நினைத்து பம்பை நிறுத்தப் போனேன். எது எந்த ஒயர் என்று பார்க்கப் பொறுமையில்லை, மொத்த சுவிட்சையும் அணைத்துவிட்டேன். தொட்டிக்குள் விட்டு எடுக்கிற நீளப் பிடிகுச்சியால் காளான் பவளத்தைச் சீண்டிச் சுருங்க வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன். அந்த நேரம் பள்ளிக்கூடச் சீருடைக்காரர்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சுவிட்சின் ஞாபகமே வரவில்லை.

காலையில் பார்த்தால் இரண்டு கோமாளி மீன்களும் காற்றுக்குத் தவித்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எப்போதும் புருஷனை விரட்டுகிற பெண் மீன், நம் முதலாளியம்மா கூட அவனோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவிட்சைப் போட்டேன், கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். மீன்கள் தேறிவிட்டன. மற்றவையும் தேறிவிட்டன. உன் பச்சைக் கிளைப் பவளம் தேறவில்லை.

நகத்தளவு துண்டாக வாங்கி வந்து நீ கல்லில் ஒட்டி வளர்த்தது. ஊருக்குப் போகும்போது, "மத்தது போனாலும் பரவால்லம்மா, இதை மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கி, இரண்டு நாளில் நுனி வரை வெள்ளையாகிவிட்டது. நான் பொய் சொன்னபோதெல்லாம் கூப்பிட்டேன், அது நிஜமாகச் செத்தபோது உன்னைக் கூப்பிடவில்லை. அந்த வெள்ளைக் கூட்டைத் தூக்கிப் போட மனம் இல்லாமல் தையல் மெஷின் மேல் வைத்திருக்கிறேன். தைக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

அது என்னால் போனது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. உன் பயிற்சியும் என்னால் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன். நேற்று நீ அதை விட்டுக்கொடுக்கிறேன் என்றபோது, மகள் வருகிறாள் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எல்லாப் பொய்யையும் விட அந்தச் சந்தோஷம்தான் என்னை அதிகம் குத்துகிறது.

இப்போது தொட்டியின் நிலவரம். இது நிஜம். உப்பு சரி. சூடு சரி. முதலாளியம்மா இன்று காலையிலிருந்து மறுபடி புருஷனை விரட்ட ஆரம்பித்துவிட்டாள். காளான் பவளம் தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கிறது. இதோடு வரும் படத்தில் பார். எதையும் அணைக்காமல் எடுத்தது.

போய்வா கண்ணு. அவ்வளவு பெரிய தண்ணீருக்குள் இறங்குகிறாய், கூட இருப்பவர் சொல்வதைக் கேள், மூச்சைப் பார்த்துக்கொள். எந்த ஆழத்துக்குப் போனாலும் நல்லபடியாக மேலே வந்துவிடு.

இங்கே எல்லாம் நலம். அப்படியிருந்தாலும் கூப்பிடு.

அன்புடன்,
உன் அம்மா