நின்றுகொண்டே கடக்கும் படகு

பிடிவாதக்காரிக்கு,

உன் வெனிஸுக்கு வந்திருக்கிறேன். உன்னைப் பார்க்க அல்ல. ஓர் ஓட்டலின் நிலவறையில் வெள்ளம் இறைக்கும் பம்பு மாட்ட. டூரினில் என்னையும் ஈரமில்லாத வீட்டையும் விட்டுவிட்டு இந்த ஊருக்காகவா அம்மா வீட்டுக்கு வந்தாய்? சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. நேரான தெரு ஒன்றுகூட இல்லை. சேற்றில் மரக்கம்பங்களை நட்டு அதன்மேல் மாளிகை கட்டியவனுக்கு நான் வேலையே கொடுத்திருக்க மாட்டேன்.

இன்றைய வேலை முடிந்ததும் ஊரைச் சுற்றினேன். கால்வாயைக் கடந்து உன் அம்மா வீட்டுப் பக்கம் கொண்டுவிடும் துடுப்புப் படகில் ஏறினேன், சும்மாதான். ஏறியதும் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எல்லோரும் நின்றார்கள். அல்வீசே என்று அவர்கள் கூப்பிட்ட படகோட்டி சிரித்தான்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? மீன்கூடையைத் தூக்கிட்டு வர்றவங்களே நின்னுகிட்டுதான் போறாங்க!"

"ஆடுற படகுல நிக்கிறது முட்டாள்தனம்."

"எங்க ஊர் மாப்பிள்ளையா இருந்தா பழகியிருப்பீங்க."

கரையேறி, உன் ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல், அதே படகில் திரும்பிவிட்டேன்.

பம்பு நாளை ஓடத் தொடங்கிவிடும். சாயங்காலம் மறுபடியும் அந்தப் படகில் வருவேன். நின்றுகொண்டு. கேவலமான ஏற்பாடுதான். தண்ணீரில் விழுந்தால் ஜன்னலிலிருந்து சிரித்துக்கொள். விழாவிட்டால் கதவைத் திற.

இன்னமும் உன் கணவன்