முந்திக்கொண்ட கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யார் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

சித்தப்பா போட்ட வழக்கு போன வாரம் தள்ளுபடியாகிவிட்டது. சட்டசபைத் தேர்தலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டில் தோற்றதும், அவர் கோர்ட்டுக்குப் போனதும் உனக்குத் தெரியும். போனில் நான் சொல்லாமல் விட்டது உன் அப்பா செய்த காரியம். ஓட்டு எண்ணும் இடத்தில் தம்பிக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்தார் அல்லவா, முடிவை மைக்கில் சொன்னதும், மறுபடி எண்ணச் சொல்லி சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்துபோய் ஜெயித்தவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி, தோற்ற பிள்ளைகளை, 'முதல்ல போய்க் கை குடு, அப்புறம் அழு' என்று விரட்டிய மனுஷன், கால் தானாக நடந்துவிட்டது என்கிறார். அதை யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். சொந்த அண்ணனே ஒத்துக்கொண்ட முடிவு என்று எதிர்த் தரப்பு வக்கீல் அதைக் கோர்ட்டில் நீட்டினார். கூட்டத்தில் தன்னைப் பிடித்து ஜெயித்தவர் பக்கம் தள்ளினார்கள் என்று அப்பா சாட்சி சொன்னால் சமாளிக்கலாம் என்றார் நம் வக்கீல். சித்தப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து, 'உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லண்ணா, இந்த ஒரு வார்த்தை சொல்லு' என்றார், கண் கலங்கியிருந்தது. கூண்டில் ஏறிய உன் அப்பாவோ, யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். நல்ல மனுஷன்தான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடந்ததா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தீர்ப்பு வந்ததும் அப்பா மாடிப்படி ஏறிப்போய்த் தம்பியிடம் கையை நீட்டினார். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, 'அதையும் அவனுக்கே குடு' என்று கதவைச் சாத்திக்கொண்டார். சித்தி துணி உலர்த்த வந்தால் என்னைப் பார்த்து அழுகிறாள், பேசுவதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கும் அவர் தம்பிக்கும் ஏதோ மனஸ்தாபம் என்றாயே, அதை வளர விடாதே. நீங்களாவது எல்லோரும் ஒற்றுமையாக, நிறைவாக இருக்க வேண்டும். போன் செய்தால் அப்பாவிடம் தேர்தல் பேச்சை எடுக்காதே. சாப்பிடும் நேரம் தவிர அவர் வலது கையை பேன்ட் பையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா