தேய்த்துக் கெடுத்த கல்

திருத்தணி, சித்தூர் ஜில்லா
மன்மத வருஷம், ஆவணி

சிரஞ்சீவி கஜபதிக்கு அம்மா ஜெயம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் தம்பி வரதராஜனும் நானும் முருகன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் குமட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த அஸ்ஸாம் மழையில் நீயும் கமலாவும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் பென்சிலை எடுத்திருக்கிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும், நிறுத்தி நிறுத்திப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் நைனா திதிக்கு லீவு கிடைக்கவில்லை, வரமுடியாது என்று நீ அங்கே உன் ரேடியோப் பெட்டியில் தந்திபோல் தட்டினாய், இங்கே வரதன் தன் பெட்டியில் கேட்டுச் சொன்னான். வரவேண்டாம், இனி எப்போதுமே வரவேண்டாம் என்று வரதனைத் தட்டச் சொன்னேன். சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இங்கிருந்து ஒரு சத்தமும் வராமல் போனதே, அது என் வேலை இல்லை. அது உன் பெரியம்மா கோமளவல்லி செய்த வேலை. உனக்குக் காது குத்தினபோது என் அண்ணன் கொண்டுவந்த சீரைத் தூக்கிப் பார்த்து, இவ்ளோதானா என்று சபையில் கேட்ட அதே கோமளவல்லிதான். நீ மறந்திருப்பாய். அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் வரதன் அந்தக் கருப்பு டப்பியைத் திறந்தான். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துச் சாமான் கடையில் வாங்கினானே, தீப்பெட்டியில் பாதி, கீழே இரண்டு காலோடு, பெட்டியில் செருகுவானே, அதுதான். உள்ளே இருக்கிற கல்லை சோப்பு போட்டுக் கழுவி வெள்ளைத் துணிமேல் உலர வைத்திருந்தான். அந்தச் சமயம் பார்த்து இவள் வந்து இது இன்னாடா வில்லை மாதிரி கீது என்று கேட்டிருக்கிறாள். இந்தப் பெருமைக்காரன் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா, ஸ்படிகம் பெரியம்மா, சாமி மாலைல கோக்குறாங்களே அதே கல்லு, இதும்மேலதான் நம்ம பெட்டியே நிக்குது என்று சொல்லிவிட்டு மணவூர் ஸ்டேஷனுக்குத் தந்தி தட்டப் போய்விட்டான். நான் மறுநாள் காலையில் பால்குடத்தோடு மலைக்குப் போய்விட்டேன். கூட்டத்தில் நசுங்கி இறங்கி வந்து பார்க்கிறேன், நம் வீட்டு முற்றத்தில் குத்துவிளக்குகளுக்கு நடுவில் இவள் உட்கார்ந்துகொண்டு புளியும் செங்கல்பொடியும் தொட்டு அந்தக் கல்லைக் கட்டைவிரலால் தேய்க்கிறாள். சீ. சாமிக்கு வைக்கிறத அழுக்கா வைப்பாங்களா ஜெயம்மா, பாரு எப்படி பளபளன்னு கீது என்று என்னிடமே காட்டுகிறாள். அதோடு விட்டாளா, பித்தளைத் தட்டில் வைத்துப் பால் ஊற்றி, தேன் ஊற்றி, சந்தனம் அப்பி, பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடி எடுத்து வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தொட்டுக் கும்பிட வைத்தாள். எண்ணெய்க் கை, வெற்றிலைக் கை, எல்லாக் கையும் அதன்மேல் பட்டது. சாயங்காலம் பால் திரிந்து, எறும்பு மொய்த்து, ஒரு வாடை வந்தது பார், இப்போது நினைத்தாலும் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பத்தான்.

வரதன் வந்து கழுவித் துடைத்துச் செருகினான். தட்டி அனுப்புகிற பெட்டி செத்துக் கிடந்தது. கல்லின் ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் தேயாமல் கோணலாகிவிட்டதாம், அதனால் அதிரவில்லையாம். கேட்கிற பெட்டிக்கு அந்தக் கல் வேண்டாமாம், அதனால் நீ கூப்பிடுவது மட்டும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீ தட்டிக்கொண்டே இருந்தாய். எனக்கு அந்தத் தட்டுக்கெல்லாம் அர்த்தம் தெரியாது, உன் கை தெரியும். கடைசித் தட்டைக் கொஞ்சம் இழுத்து விடுவாய், சோறு கேட்கும்போது அம்மா என்று இழுப்பாயே அதுபோல. வரதன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பதில் சொல்ல வழியில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாய். அதற்கடுத்த ஞாயிறு நீ வரவே இல்லை. நான் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு, அம்மா உறவையே அறுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். இவளோ வாசலில் நின்று, சாமி கல்லு சாமிகிட்டயே இருக்கணும்னு முருகன் நெனச்சிக்கினாரு, அதான் உன் பெட்டி பேசல என்கிறாள். வரதன் அதற்கும் பரவால்ல பெரியம்மா என்கிறான். இவனை என்ன செய்வது சொல்.

அப்புறம் அரக்கோணத்தில் பஸ் பழுதுபார்க்கிறவரிடம் வால்வு அரைக்கிற பொடியை வாங்கிவந்து, கண்ணாடித் துண்டின்மேல் கல்லை வைத்து ஒற்றை விரலால் தேய்ப்பதும் கழுவுவதும் செருகிப் பார்ப்பதுமாக இருந்தான். அவள் ஒரு நாளில் கெடுத்ததை இவன் ஒரு வாரம் உட்கார்ந்து சமப்படுத்தினான். நேற்று அது பேசிவிட்டது. ஆனால் பழைய இடத்தில் இல்லையாம். கல்லு மெலிஞ்சா சுருதி ஏறிடும்மா, ஏறினது இறங்காது, அண்ணன் பழைய எடத்துலயே தேடினா நாம கெடைக்கமாட்டோம் என்றான். இதற்காகத்தான் இந்தக் கடிதம். அவனே எழுதுகிறேன் என்றான், அவன் எழுதினால் பெரியம்மா மேல் தப்பில்லை என்று எழுதுவான், வேண்டாம் என்றேன்.

உன் தங்கை வசந்தி ஆர்.கே.பேட்டையில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள், அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன சொல்லட்டும். கமலாவிடம் சொல், பேத்தியை ஈரத் துணியோடு விடவேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல். கோமளவல்லி வீட்டு வாசல் பக்கம் நான் இனித் திரும்புவதில்லை, நீயும் அவளுக்கு நலம் விசாரித்து எழுதாதே.

திதிக்கு வராததில் எனக்குக் கோபம் இருக்கிறது. அது இருக்கும். அதை நீ நேரில் வந்து வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அதே விடியற்காலையில் உன் கேட்கிற பெட்டியின் முள்ளை வழக்கமான இடத்தில் நிறுத்தாதே, எண் ஏறுகிற பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போ. நீ கூப்பிடவேண்டாம், வரதன் கூப்பிடுவான், நான் பக்கத்தில் இருப்பேன். பதில் ஒன்றும் பெரிதாகச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தட்டு தட்டி இழுத்துவிடு, நீதான் என்று நான் தெரிந்துகொள்வேன்.

தணிகை முருகன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
ஜெயம்மாள்