செல்லாத்தாவின் தலையாட்டம்

2024 ஜனவரி 14, ஞாயிறு

தங்கத்துக்கு இன்றைக்கு எலி. முதல் கொத்து காற்றில், இரண்டாவது இடுக்கியில், மூன்றாவதில் பிடித்துவிட்டான். பிடித்த பிறகு அவன் சுருளும் அழகைப் பார்க்க வேண்டுமே! பால் பைத்தான் மலைப்பாம்பில் எத்தனையோ நிறம் வந்துவிட்டது, ஆனால் இந்த ஸ்பைடர் வகைக்கு ஈடே கிடையாது. தேன் நிற முதுகில் கறுப்பு மையால் வலை பின்னினது போல. கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட்டின் பின்னறையில் எனக்கு ஒரு மகாராஜா.

தலை ஆடும். அது பிறவி. அழகும் ஆட்டமும் சேர்ந்தேதான் வரும், ஒன்றை விட்டு மற்றது வராது. குட்டிகளில் பாதிக்கு அப்படியே இறங்கும். வளர்த்து விற்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது.

என்னைப் போலவே பாம்பு வளர்த்து விற்கிற ஜீவன் வந்தான். அவனுடைய பெண் பாம்பு தயார். "அடுத்த மாசம் ஜோடி சேர்த்துருவோம் லா. உன் தங்கத்தோட குட்டிக்கு லைன் நிக்குது." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 20, சனி

கிள்ளான் சீதாலெட்சுமி அக்கா போன் செய்தார். லிட்டில் இந்தியாவில் பிளவுஸ் தைக்கிறவர். போன வருஷம் தங்கத்தின் குட்டி ஒன்றை என்னிடம் வாங்கினார். "நாளைக்குக் கடைக்கு வாங்க தம்பி, நேர்ல பேசணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

குட்டி செத்துவிட்டதோ? வாங்கின அன்றைக்கு, குட்டி தலையை ஆட்டினதும் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி ஆடுது தம்பி! எங்க அம்மன் கோயில்ல இப்படித்தான் ஆடுவாங்க." அங்கேயே செல்லாத்தா என்று பெயர் வைத்தார். நான் என்ன சொன்னேன்? சிரிச்சேன். "உங்க அதிர்ஷ்டம்க்கா"ன்னேன். சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நிமிஷம்தானே? வியாபாரம் கெட்டுரும்னு வாயை மூடிக்கிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறிக் கிள்ளான் போய்ச் சேரும்வரை செத்த பாம்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனால், செல்லாத்தா கொழுகொழுவென்று இருக்கிறாள்! பெட்டிக்குள் ஏறி விழ உயரமாக எதுவும் இல்லை. சுற்றிலும் கறுப்பு லைனிங் துணி. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆட்டம் கூடுகிறதாம், அக்காவே பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். பத்து வருஷமாகப் பாம்பு வளர்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

ஊட்டியும் காட்டினார். இடுக்கியில் எலி, துளி அசைவில்லை. செல்லாத்தாவின் தலை அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் போய், நேராக வந்ததும் ஒரே கொத்து. "ஊசியில நூல் கோக்குற மாதிரிதான் தம்பி. நூல் ஆடலாம், ஊசி ஆடக்கூடாது." நானெல்லாம் எலியை ஆட்டி ஆட்டித்தான் ஊட்டுவேன். என்ன கை அது, என்ன பொறுமை! வாய் பிளந்து நின்றேன்.

அதற்கு மேல் தாங்கவில்லை, உளறிக் கொட்டினேன். அது சாமி இல்லக்கா, நோய். பொறவியிலேயே. தெரிஞ்சேதான் வித்தேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும். திருநீறு பூசுனா சாமி மலையேறிரும். இது வந்த நாள்லேர்ந்து ஒரு நாள்கூட மலையேறலையே. மூணாம் வாரமே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அளவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை நீட்டினார். "இதோட கூடப்பொறந்ததுல ஆடுறது எத்தனை? யார்கிட்ட இருக்கு? நம்பர் எழுதுங்க. அதுங்களுக்கும் ஊட்டத் தெரியணும்ல?"

மூன்று பேரை எழுதினேன். கிளம்பும்போது கேட்டார்: "இன்னும் பொறக்க விடுவீங்களா தம்பி?"

ஜனவரி 22

அக்கா அப்படிக் கேட்டதும், ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அக்கா மூன்று பேரிடமும் பேசிவிட்டார். அதில் ஒருவர் கம்போங் மேடான் நாகையா அங்கிள், லோரி ஓட்டுகிறவர். ஒரு தடவை குட்டி அவர் கை தவறி விழுந்ததாம். அதனால்தான் தலை ஆடுகிறது, தான் செய்த பாவம் என்று ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். அக்கா சொன்னதும் போனிலேயே அழுதாராம்.

என் பாவம்யா அது. அந்த மனுஷன் சுமந்திருக்கார்.

பிப்ரவரி 3, சனி

ஜீவன் பெண் பாம்போடு வந்தான். முடியாது என்றேன். "பைத்தியமா? ஸ்பைடர் இல்லன்னா உன்னை யாருக்குத் தெரியும்?" உண்மைதான், யாருக்கும் தெரியாது. வேறு ஆண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டான். அதை என்னால் தடுக்க முடியாது.

அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: "இனிமே பொறக்க விட மாட்டேன்."

நவம்பர் 10, ஞாயிறு

நாகையா அங்கிள் வீடியோ அனுப்பியிருக்கிறார். லோரி ஓட்டுகிற அந்தப் பெரிய கையில் இடுக்கி அசையவே இல்லை. அவர் பாம்பு இரண்டாவது கொத்தில் பிடித்துவிட்டது.

தங்கத்துக்கும் இன்றைக்கு எலி. பழகிப் பழகி, இன்றைக்குத்தான் என் கையும் துளி ஆடாமல் நின்றது. தலை நேராக வரும்வரை காத்திருந்தேன், முதல் கொத்திலேயே பிடித்துவிட்டான். இவ்வளவு வருஷமும் தவறவிட்டது அவன் என்றுதான் நினைத்திருந்தேன். எவ்வளவு அழகாகச் சுருள்கிறான்! இவனைப் போல இன்னொருவன் இந்த வீட்டில் பிறக்க மாட்டான். முழுசாக விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.