கலையச் சொல்லாத வரிசை

லின்கேய் தீவு,
11 மே 1986

அன்புள்ள நோல்ஃபா அக்காவுக்கு,

எர்சிரா எழுதுவது. தீவை விட்டுப் போய்விட்டீர்கள், புவெர்த்தோ மோந்த் குளிர் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? நேற்று நம் நோயேலியாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நீங்கள் வராதது எனக்குப் பெருங்குறைதான். பெற்றவள் இல்லாமல் ஞானத்தாய் நான் போய் வாங்கினேன்.

மாவட்ட ஆணையர் நன்றாகப் பேசினார். பதினைந்து வயதுச் சாரணி, பனிமூட்டத்தில் கவிழ்ந்த பள்ளிப் படகிலிருந்து பிள்ளைகளையெல்லாம் கரைசேர்த்துவிட்டு, படகுக்காரரைத் தேடி மறுபடியும் நீந்திப் போனாள் என்றார். கடல் அவளைத் திருப்பித் தராததைப் பற்றி அவர் பேசவில்லை. நல்லவேளை.

பிறகு அணித்தலைவியாக நான் சாரணிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். இறந்தவர் பெயருக்கு எல்லாரும் சேர்ந்து குரல் கொடுப்பது நம் வழக்கமாயிற்றே. "நோயேலியா பர்ரீயா!" என்றேன். "இருக்கேன்!" என்று மொத்த அணியும் கத்தியது. சத்தம் அடங்கிய பிறகு வரிசைக் கடைசியிலிருந்து இன்னொரு "இருக்கேன்". எவளோ வாண்டு தாமதமாகக் கத்தியிருப்பாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினோம். குழியில் வேகவைத்த மட்டியும் கறியும் அமோகம்.

பதக்கத்தைத் தபால் படகில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
எர்சிரா


புவெர்த்தோ மோந்த்,
24 மே 1986

அன்புத் தங்கச்சி எர்சிராவுக்கு,

பதக்கம் கிடைத்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்னடி செய்ய? கிழவர் செலதோனியோவுக்கு விறகு பிளந்தாள். பனி இறங்கினால் பாறையில் நின்று விசில் ஊதி மீன்படகுகளுக்கு வழி காட்டினாள். ஊருக்கெல்லாம் பிள்ளை அவள். வீட்டில் ஒரு வேலை சொன்னால் "இதோ வந்துட்டேம்மா" என்பாள், ஆளைக் காணாது. திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது திட்ட ஆளில்லாமல் வாய் ஊமையாகிவிட்டது.

உன் வீட்டுக்காரர் ரோசாமெல் சுகமா? பனிக்காலம், கடலில் கவனமாக இருக்கச் சொல்.

நோல்ஃபா


லின்கேய் தீவு,
15 ஜூன் 1986

அன்புள்ள அக்கா,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போன வாரம் பட்டப்பகலில் பனி இறங்கி, படகின் முனையே தெரியாமல் போயிற்றாம் ரோசாமெலுக்கு. அப்போது பாறைப் பக்கமிருந்து விசில் கேட்டிருக்கிறது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அவளுடைய அழைப்பேதான். அதைப் பிடித்தே கரைசேர்ந்தார். பாறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

செலதோனியோ வீட்டு விறகு தானாகப் பிளந்து கிடக்கிறது. "உன் ஞானப்பொண்ணு வந்துட்டுப் போயிருக்கா டீச்சர், காபிகூடக் குடிக்கல" என்று சிரிக்கிறார் மனிதர். ஊரில் யாருக்கும் பயமில்லை, அக்கா. சந்தோஷமாகவே இருக்கிறார்கள். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்குமென்று எழுதினேன்.

எர்சிரா


புவெர்த்தோ மோந்த்,
27 ஜூன் 1986

எர்சிரா,

சந்தோஷமா? வயிறு எரிகிறதடி எனக்கு. செத்த பிறகுமா என் பிள்ளை வேலை செய்ய வேண்டும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதக்க விழாவில் பெயர் கூப்பிட்டாயே, கடைசியில் "கலையலாம்" என்று சொன்னாயா? இல்லை, மழைக்குப் பயந்து மட்டி தின்ன ஓடிவிட்டாயா? முன்பு ஒருமுறை இப்படித்தான் நீ மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய். அவள் மட்டும் பள்ளி மைதானத்தில் கொட்டுகிற மழையில் நின்றாள். நான் போய் இழுத்ததற்கு, "டீச்சர் இன்னும் கலையச் சொல்லலம்மா" என்றாள். தலைவி சொல்லாமல் வரிசையை விடமாட்டாள் அவள்.

நீ நிறுத்தினாய், நீயே அனுப்பு. அவள் தூங்கட்டும்.

நோல்ஃபா


லின்கேய் தீவு,
13 ஜூலை 1986

அன்புள்ள அக்கா,

நான் சொல்லவில்லைதான்.

அவளை அனுப்பப்போகிறேன் என்றதும் ஊரில் பெரிய சண்டை. "கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? அவ பாட்டுக்கு ஊதிட்டுப் போறா, உனக்கெங்க வலிக்குது?" என்று செலதோனியோ தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோசாமெல் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

போன ஞாயிறன்று பூசை முடிந்ததும் அணியை நிறுத்தினேன். யாரும் வாய் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டு அவள் பெயரைக் கூப்பிட்டேன். வரிசைக் கடைசியிலிருந்து "இருக்கேன்" என்றது அந்தக் குரல். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்கள். "கலையலாம்" என்றேன். சாரணியர் வழக்கப்படி ஒவ்வொருத்தியும் வந்து இடக்கை குலுக்கிவிட்டுப் போனாள். எல்லாரும் போன பிறகும் நான் கையை நீட்டியபடியே நின்றேன். சில்லென்று ஈரக் கை ஒன்று பிடித்தது, அக்கா. இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டது.

நேற்றுப் பனி இறங்கியது. விசில் இல்லை. ரோசாமெல் பாறையில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டு வந்தார். பரவாயில்லை. இனி சாரணிகள் முறை போட்டுப் பாறையில் நின்று ஊதுவார்கள். பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அவளுக்கு அதுதான் மரியாதை.

அவள் தூங்கிவிட்டாள், அக்கா. நீங்களும் தூங்குங்கள்.

எர்சிரா


புவெர்த்தோ மோந்த்,
2 ஆகஸ்ட் 1986

எர்சிரா,

அவள் தூங்கவில்லை. நீ கலையச் சொன்ன அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். "எல்லா வேலையும் முடிஞ்சுதும்மா, நான் போகட்டுமா?" என்றாள்.

போ என்று ஒரே ஒரு வார்த்தை. நீ ஊரையே எதிர்த்துக்கொண்டு சொன்னாய். எனக்கு, யாருமில்லாத வீட்டில், நாக்கு எழவில்லை. "இந்தக் கம்பளி நூல் சிக்காக் கெடக்குடி, பிரிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றேன். "சரிம்மா" என்று உட்கார்ந்தாள்.

முடிச்சு அவிழ்ப்பதில் கெட்டிக்காரி அவள், உனக்குத் தெரியும். தினமும் முடித்துவிடுகிறாள். முடித்ததும் எழுந்து வாசலில் போய் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். களைத்துப் போயிருக்கிறாள், எர்சிரா. எனக்குக் கண் தெரியாமலில்லை.

இனி எனக்கு எழுதாதே. இப்போதுகூட வாசலில்தான் நிற்கிறாள். அவள் சுற்றிவைத்த நூலுருண்டைகளையெல்லாம் மடியில் போட்டு மறுபடி சிக்காக்கிக்கொண்டிருக்கிறேன்.

நோல்ஃபா