இரண்டாம் தரம் அணைத்த அடுப்பு

நம் பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு வணக்கம். நான் சுகம், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரன் நீச்சலில் முதலாவதாக வந்தான். பேத்தியை அலுவலகத்தில் குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள். ஆனால் அவள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், பிறர் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலைப் பாதியில் மூடிக்கொண்டே இருந்தது. கிடைத்த பதவி போய்விடுமோ என்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

நேற்று, அணைத்த அடுப்பை என் வழக்கப்படி மறுபடியும் போய் அணைத்தேன். அதற்குள் அவள் அதில் பால் வைத்திருக்கிறாள்!

“பாட்டி, என் பாலை அணைச்சிட்டீங்களே!” என்றவள் அப்படியே நின்றாள். “ஐயோ, என் புரோகிராமும் இதைத்தானே செய்யுது!”

ஃபைலைத் திறந்தால் ஓர் எண் கிடைக்குமாம். மூடியதும் அதே எண் வேறு ஃபைலுக்குப் போய்விடுமாம். பழைய நினைப்பில் இன்னொரு தரம் மூடினால் அடுத்தவருடையது மூடிவிடும். மூடிய கையோடு எண்ணையும் அழிக்கும்படி மாற்றினாள், சரியாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கும்படி சொன்னாள், கெட்டிக்காரி.

தாளிக்கப் போகவேண்டும். புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். பழையதில் நீங்கள் இன்னும் வாசலில் நின்று என்னை வழியனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்.